இணையம் நின்றால் ஃபில்டரைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், இணைய சேவை 2 மணி நேரம் முடங்கியது என்றும் தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம் என்றும் ஒரு செய்தி வந்திருந்தது. அது எந்தக் கம்பெனி, உள்ளே என்ன நடந்தது என்று கிளற நான் வரவில்லை. ஆனால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது. இடி விழுந்தது, ஆற்றில் வெள்ளம் வந்தது என்பது மாதிரி, யாராலும் தடுத்திருக்க முடியாத ஒன்று நடந்துவிட்டதாக அது சொல்கிறது.

தேனியில் ஒரு சிறிய இணைய சேவை நிறுவனத்தில் 2009 முதல் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஜே.சி.பி. கேபிளை அறுத்து இணையம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி செத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் கோளாறு என்று சொல்லுங்கள், சரி. ஆனால் கேபிள் நன்றாக இருக்கும், கரண்ட் இருக்கும், எல்லா விளக்கும் பச்சையாக எரியும், அப்போதும் ஊரே இணையம் இல்லாமல் நிற்கும். அப்படி நின்ற பல சமயங்களில் ஒரு ரூட்டர், அதாவது தகவலை எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்கிற கருவி, பக்கத்து ரூட்டரிடம் சொல்லக் கூடாததைச் சொல்லியிருக்கும். சொல்லாமல் தடுக்கிற ஃபில்டரை யாரோ எழுதாமல் விட்டிருப்பார்கள், அல்லது எழுதியிருந்ததை எடுத்திருப்பார்கள்.

இதைப் பொதுவாசகருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர்கள் 'போடி, போடி', 'கம்பம், கம்பம்' என்று கூவுகிறார்கள். கேட்டவர் நம்பி ஏறுகிறார். ரூட்டர்களும் ஒன்றுக்கொன்று இப்படித்தான் கூவிக்கொள்கின்றன: 'இந்த முகவரிக்குப் போக என்னிடம் வழி இருக்கிறது.' ஒரு கம்பெனிக்குள்ளே ஒரு மொழியில் பேசுகின்றன, அதற்கு ஓ.எஸ்.பி.எஃப். என்று பெயர். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் வேறு மொழி, பி.ஜி.பி. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ரூட்டர், இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் கூவுவதற்குத்தான் ரீடிஸ்ட்ரிபியூஷன் என்கிறோம். மினி பஸ் ஸ்டாண்டில் கேட்டதையெல்லாம் பெரிய பஸ் ஸ்டாண்டில் போய்க் கூவுகிற ஆள் மாதிரி. அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, 'இந்த நாலு ஊரை மட்டும் கூவு, மற்றதற்கு வாயைத் திறக்காதே' என்று சொல்வதுதான் ஃபில்டர்.

இந்தச் சீட்டை நானே கொடுக்க மறந்த நாள் ஒன்று உண்டு. 2011 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. எனக்கு அப்போது 26 வயது.

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கு சர்வர் சென்னையில் இருந்தது. எங்களுக்கு வெளி இணைப்பு இரண்டு, ஒன்று தேனியில், ஒன்று கம்பத்தில். போடி டவரின் போக்குவரத்து எல்லாம் கம்பம் வழியாகத்தான் வெளியே போகும். அந்த ஒரு சர்வருக்கு மட்டும் தேனி வழி வேகமாக இருந்ததால், அதற்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். சின்ன வேலை. தேனியில் இருந்த எங்கள் முக்கிய ரூட்டர் உண்மையில் ஒரு கம்ப்யூட்டர்தான். லினக்ஸ் போட்டு அதன் மேல் குவாகா என்ற இலவச மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தோம். பி.ஜி.பி.யில் தெரிந்த அந்த ஒரு வழியை உள்ளே ஓ.எஸ்.பி.எஃப்.க்குச் சொல்ல வேண்டும். ஓ.எஸ்.பி.எஃப். பகுதிக்குள் போய் 'ரீடிஸ்ட்ரிபியூட் பி.ஜி.பி.' என்று இரண்டே சொல் அடித்து என்டர் தட்டினேன். அதன் பின்னால் ஒரு ரூட் மேப்பின், அதாவது ஃபில்டர் விதிகளை எழுதிவைக்கும் பட்டியலின், பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். அந்த ரூட் மேப்புக்குள் அந்த ஒரு முகவரித் தொகுதி மட்டும் இருந்திருக்க வேண்டும். முதலில் வழி போகிறதா என்று பார்ப்போம், ஃபில்டரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது 1 வழி. அந்த இரண்டு சொல் உள்ளே அனுப்பியது, அன்றைக்கு உலக இணையத்தின் மொத்தப் பட்டியலான சுமார் 3.5 லட்சம் வழிகளை. எங்கள் டவர்களில் இருந்தவை கைக்குள் அடங்குகிற சின்ன ரூட்டர்கள், 64 எம்.பி. நினைவகம். முப்பது நாற்பது வழிகளைத் தாங்கினால் போதும் என்று வாங்கியவை. ஒவ்வொன்றாக நினைவகம் நிரம்பி விழுந்தன, தானாக ரீஸ்டார்ட் ஆயின, எழுந்தவுடன் மறுபடி அதே பட்டியலை வாங்கிக்கொண்டு மறுபடி விழுந்தன. திரையில் டவர்களின் பெயர்கள் சிவப்பாவதும் பச்சையாவதும் சிவப்பாவதுமாக இருந்தன. நான் அந்த வரியை எடுத்த பிறகு ஐந்து ரூட்டர்கள் தானாக எழுந்துவிட்டன. போடி எழவில்லை.

ரூட்டரோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் 15 கிலோமீட்டர் போனேன். டவர் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். வாசலில் நாற்பது பிள்ளைகளாவது நின்றார்கள். ரிசல்ட் வெளியாகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அப்பா, மகளின் தேர்வு எண்ணை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். 'ஏம்மா, நெட்டு எப்ப வரும்? இவ அழுதுக்கிட்டே இருக்கா' என்று என்னிடம் கேட்டார். நெட்டை நிறுத்தியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மேலே ஏறி ரூட்டரின் வயரைப் பிடுங்கிச் செருகினேன், நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. அந்தப் பெண் பாஸ். ஆனால் அவர் கேட்டபோது வாயடைத்து நின்றது இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்று எங்கள் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? 'தொழில்நுட்பக் கோளாறு.'

இது ஏதோ தேனியில் ஒரு கற்றுக்குட்டி செய்த தவறு என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் பெரிய கம்பெனிகளிலும் இதுவேதான் நடந்திருக்கிறது, எல்லாம் பதிவில் இருக்கிறது. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ரூட்டர், தான் கேட்ட உலகத்து வழிகளையெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, எல்லாமே தன்னிடம் இருப்பதாகத் திரும்பக் கூவியது. அதன் கேபிளைப் பிடுங்கிப் போட்ட பிறகும் அந்தப் பொய் வழிகள் பல மணி நேரம் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

யூடியூப் காணாமல் போன இரவை நம்மவர்களில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். 2008 பிப்ரவரி 24 இரவு, நள்ளிரவு கடந்து நம் நேரப்படி 25-ஆம் தேதி 12.17. யூடியூப்பைத் தன் நாட்டுக்குள் மறைக்கச் சொல்லி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம், யூடியூப்பின் முகவரிகளில் 256-ஐ எடுத்து ஒரு பொய் வழி உண்டாக்கியது. அது அந்த நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியது. வெளியே போகிற பக்கத்தில் ஃபில்டர் தடுக்காததால் பி.ஜி.பி. வழியாக வெளியே கசிந்தது. அதை வாங்கிய பெரிய சர்வதேச கம்பெனியும் 'இது உன் முகவரிதானா' என்று பார்க்கும் ஃபில்டர் இல்லாமல் உலகத்துக்கு அனுப்பிவிட்டது. யூடியூப் அந்த 256-ஐ உள்ளடக்கிய 1024 முகவரிகளை ஒரே தொகுதியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ரூட்டர்களுக்கு ஒரு விதி உண்டு: எது சின்ன, இன்னும் குறிப்பான தொகுதியோ அதைத்தான் நம்பும். 'தேனி' என்று எழுதிய கடிதத்தைவிட தெருப்பெயரும் கதவு எண்ணும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் நம்புகிற மாதிரி. அதனால் உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானுக்குப் போய் அங்கே ஒன்றுமில்லாமல் விழுந்தது. யூடியூப் பொறியாளர்கள் தங்கள் முகவரிகளை இன்னும் சின்னதாக, 128, 128 ஆக உடைத்துக் கூவி மீட்கப் பார்த்தார்கள். அந்தச் சர்வதேச கம்பெனி பொய் வழியைத் துண்டித்தபோது நம் நேரம் 2.31. இரண்டு கம்பெனிகளில் எதுவாவது ஒன்று ஃபில்டர் வைத்திருந்தால் போதும், ஒன்றுமே நடந்திருக்காது.

கனடாவில் 2022 ஜூலை 8 அன்று நடந்தது எனக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, ஏனென்றால் அது நான் செய்த அதே வேலையின் பெரிய வடிவம். ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை ஏழு கட்டமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில், விடியற்காலையில், ஒரு ரூட்டிங் ஃபில்டர் நீக்கப்பட்டது. வெள்ளம் மாதிரி வழிகள் மையத்துக்குள் நுழைந்தன, மைய ரூட்டர்கள் தாங்காமல் விழுந்தன. 1 கோடியே 20 லட்சம் வாடிக்கையாளர்களுக்கும் மேல் போன், இணையம் இரண்டும் இல்லை. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணுக்கே பலரால் பேச முடியவில்லை. பொறியாளர்கள் உள்ளே போய்ச் சரி செய்ய வைத்திருந்த பாதையும் அதே மையத்தின் மேல்தான் இருந்தது, அதனால் அவர்களும் வெளியே நின்றார்கள். பின்னால் நடந்த ஆய்வில் ஒரு விவரம் வந்தது. முன் கட்டங்கள் பிரச்சினை இல்லாமல் முடிந்ததால், இந்த வேலையின் ஆபத்து அளவை 'அதிகம்' என்பதிலிருந்து 'குறைவு' என்று இறக்கியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது 2011-இல் 'சின்ன வேலை' என்று நான் நினைத்ததுதான் ஞாபகம் வந்தது.

இப்போது மென்பொருள்கள் கொஞ்சம் புத்திசாலி ஆகிவிட்டன. குவாகாவிலிருந்து பிரிந்து வந்ததுதான் இன்று பலரும் போடுகிற எஃப்.ஆர்.ஆர். குவாகாவுக்கு முன்னோடி ஸீப்ரா, அதாவது வரிக்குதிரை. ஆப்பிரிக்காவில் அழிந்துபோன ஒரு வரிக்குதிரை இனத்தின் பெயர் குவாகா, வாரிசுக்கு அதை வைத்தார்கள். 2017-இல் இணையத் தர அமைப்பு ஒரு விதி போட்டது: வெளிக்கம்பெனியோடு பி.ஜி.பி. பேசும்போது ஃபில்டர் எழுதப்படவில்லை என்றால் எந்த வழியையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 2020 முதல் எஃப்.ஆர்.ஆர். இதையே இயல்பாக வைத்திருக்கிறது. செக் நாட்டின் பிராக் நகரிலிருந்து வரும் பேர்ட் என்ற மென்பொருளும் அப்படித்தான், கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் பல இணையச் சந்திப்பு மையங்களில் அதுதான் ஓடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வழி வரவில்லையே என்று கூகுளில் தேடி, அந்தப் பாதுகாப்பை அணைக்கும் ஒரு வரியை எடுத்து முதல் வரியாக ஒட்டிவிடுகிறார்கள். வழி வந்துவிடுகிறது, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். ரூட்டரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்புகளில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் அந்த வரி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாதுகாப்பு கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள வாசலுக்கு மட்டும்தான். வீட்டுக்குள்ளே, ஓ.எஸ்.பி.எஃப்.க்குள் ரீடிஸ்ட்ரிபியூட் என்று அடித்தால் எஃப்.ஆர்.ஆர். இன்றும் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் அனுப்பும். 2011-இல் நான் அடித்த அந்த இரண்டு சொல்லை இன்று அடித்தாலும் அதேதான் நடக்கும். இன்றைய உலகப் பட்டியலோ 10 லட்சத்தைத் தொடுகிறது.

ஃபில்டர் எழுதுவதிலும் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. எந்த முகவரித் தொகுதிகளை விடலாம் என்று எழுதும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டில் '0.0.0.0/0 அனுமதி' என்று எழுதினால், 'வேறு வழி தெரியாவிட்டால் இந்தப் பக்கம் வா' என்கிற ஒரே ஒரு இயல்பு வழி மட்டும் பொருந்தும். அதே வரியின் கடைசியில் 'எல்.இ. 32' என்று சேர்த்துவிட்டால் உலகத்தில் உள்ள எல்லா வழியும் பொருந்தும். பேர்டில் இதுவே ஒரு கூட்டல் குறி. 10.0.0.0/8 என்றால் அந்தத் தொகுதி மட்டும், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் அதற்குள் அடங்கும் எல்லாத் துண்டுகளும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தட்டுகிற அந்த ஒரு எழுத்தில் ஒரு மாவட்டத்தின் இணையம் தொங்குகிறது. அதனால்தான் நாங்கள் இப்போது ஃபில்டர் வரியை ஒருவர் எழுத, இன்னொருவர் சத்தமாக வாசித்த பிறகே என்டர் தட்டுகிறோம். எத்தனை வழிக்கு மேல் வந்தால் வாங்காதே என்று ஒரு உச்ச எண்ணும் போட்டு வைத்திருக்கிறோம். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவு கிடையாது.

என் உண்மையான ஆதங்கம் கல்லூரிகளைப் பற்றியது. ஒவ்வொரு வருடமும் ஜூனில் பாலிடெக்னிக், பொறியியல் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ரீடிஸ்ட்ரிபியூஷன் தெரியுமா என்று கேட்டால், 'லேப்ல பண்ணியிருக்கோம்க்கா' என்பார்கள். ரெக்கார்டு நோட்டைக் காட்டுவார்கள். பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் மூன்று ரூட்டர், இந்தப் பக்கம் ரிப் (ஓ.எஸ்.பி.எஃப். போலக் கம்பெனிக்குள் பேசும் ஒரு பழைய மொழி), அந்தப் பக்கம் ஓ.எஸ்.பி.எஃப்., நடுவில் ரீடிஸ்ட்ரிபியூட். கடைசியில் பிங், அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அனுப்பும் சோதனைச் செய்தி, போகிறது. 'பரிசோதனை வெற்றிகரமாகச் செய்து முடிக்கப்பட்டது' என்று எழுதி ஆசிரியரின் கையெழுத்து. ஃபில்டர் என்ற சொல்லே அந்த நோட்டில் இருக்காது.

போன வருடம் வந்த இரண்டு பேரிடம் ரிப்புக்கும் ஓ.எஸ்.பி.எஃப்.க்கும் நடுவில் ஒரு ரூட்டருக்குப் பதில் இரண்டை வைக்கச் சொன்னேன், ஒன்று விழுந்தால் மற்றது தாங்க வேண்டும் அல்லவா. செய்தார்கள். பிங் போனது. சிரித்தார்கள். 'சரி, ரிப் பக்கத்தில் கடைசி முகவரிக்குப் போகிற கேபிளைப் பிடுங்கு' என்றேன். பிடுங்கினார்கள். அந்த முகவரிக்கான வழி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. முதல் ரூட்டர் ரிப்பில் கேட்டதை ஓ.எஸ்.பி.எஃப்.இல் சொல்லியிருந்தது. இரண்டாவது ரூட்டர் அதை ஓ.எஸ்.பி.எஃப்.இல் கேட்டு, திரும்ப ரிப்பிலேயே போய் 'என்னிடம் வழி இருக்கிறது' என்று கூவிக்கொண்டிருந்தது. தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை அடித்தால் திரையில் அதே இரண்டு முகவரிகள் மாறி மாறி, 30 வரி வரைக்கும். அந்தப் பையன் அதை விரல் வைத்து எண்ணினான். பிறகு டேக் சொல்லிக் கொடுத்தேன்: ரிப்பிலிருந்து எடுத்துப் போகும் ஒவ்வொரு வழிக்கும் 100 என்று ஒரு முத்திரை குத்து, திரும்பி வரும் வாசலில் 100 முத்திரை இருந்தால் உள்ளே விடாதே. ஆறு வரி. இரண்டு வாசலிலும் எழுதினார்கள், மறுபடி கேபிளைப் பிடுங்கினார்கள், வழி மறைந்தது. 'இத ஏன்க்கா எங்களுக்கு யாருமே சொல்லல?' என்று அந்தப் பெண் கேட்டாள்.

இதற்கு நான் ஒன்றும் புதுப் பாடத்திட்டம் கேட்கவில்லை. அதே பரிசோதனையின் கடைசியில் ஒரு கேள்வி சேருங்கள். போக வேண்டியது போகிறதா என்று பார்க்கிறீர்கள், போகக் கூடாதது போகிறதா என்றும் பாருங்கள். எஃப்.ஆர்.ஆரும் பேர்டும் இலவசம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டால் அதற்குள்ளேயே பத்து ரூட்டர்களை ஓட்டலாம்.

எங்களைப் போல சி வகை உரிமத்தில், ஓரிரு மாவட்டத்துக்குள் தொழில் செய்யும் சின்ன நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் முகவரிகள் உங்களுடையவைதான் என்று கையெழுத்திட்ட பதிவை, இந்தியாவில் இணைய முகவரிகளை ஒதுக்கும் பதிவகமான ஐ.ஆர்.ஐ.என்.என்.இல் செய்துவையுங்கள். செய்தால், யாராவது உங்கள் முகவரியைத் தங்களுடையது என்று கூவும்போது, அந்தப் பதிவைச் சரிபார்க்கும் கம்பெனிகள் அதை ஒதுக்கித் தள்ளிவிடும். மேல் கம்பெனிக்குக் கொடுக்கும் வழிகளில், உங்கள் சொந்தத் தொகுதிகளும் உங்கள் வாடிக்கையாளர்களின் தொகுதிகளும் மட்டும் போகட்டும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் பத்து வரியைத் தாண்டாது.

உங்கள் நிருபர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு கம்பெனி சொன்னால், கேபிளா, கரண்டா, இல்லை கான்ஃபிக் மாற்றமா என்று கேளுங்கள். மாற்றம் என்றால், ஃபில்டர் இருந்ததா, உச்ச எண் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள். மாலை பேப்பரில் வரும் என்று தெரிந்தால், காலையில் என்டர் தட்டுமுன் ஒருவர் ஒரு தடவையாவது நின்று பார்ப்பார்.

போடி டவரில் அன்று எழாமல் போன ரூட்டரை நான் தூக்கிப் போடவில்லை. என் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளின் முதல் நாளில் அதை வெளியே எடுத்து, ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, அந்த இரண்டு சொல்லை அவர்களையே அடிக்கச் சொல்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் விளக்கு அணைந்து மறுபடி எரியும், அணைந்து எரியும். அப்புறம் ஃபில்டரோடு அடிக்கச் சொல்கிறேன். தேனி மாவட்டத்தில் நெட்வொர்க் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது தங்கள் மாணவர்களுக்கு இதைக் காட்ட விரும்பினால், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் ஓய்வுதான். ரூட்டரையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே வருகிறேன். உங்கள் அலுவலகம் வழியாகத் தொடர்புகொண்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நெட்வொர்க் பொறியாளர்,
தேனி.